மின்னிதழ்களைக் கூட்டாக வாங்கும் நூலகங்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பல நூலகங்கள் சேர்ந்து ஒரு பதிப்பகத்திடம் பேரம் பேசினால் விலை குறையும், அதில் சந்தேகமில்லை. ஆனால் கூட்டு உரிமத்தை வெறும் தள்ளுபடி என்று நினைப்பதுதான் மற்ற எல்லாத் தவறுகளுக்கும் வேர். எந்த ஆய்விதழ் பிழைக்கும், எது நலியும் என்பதையும் அந்த ஒப்பந்தம்தான் பெரும்பாலும் முடிவு செய்கிறது.

1990களின் நடுவில் 'பிக் டீல்' என்ற மொத்தத் தொகுப்பு ஒப்பந்த முறை வந்தது. ஒரு பதிப்பகத்தின் இதழ்களை மொத்தமாக வாங்கிக்கொள்ளலாம், ஆனால் வேண்டாததைக் கழற்றிவிடுவது கடினம். பல ஆண்டு ஒப்பந்தம், அதில் ஆண்டுதோறும் விலை உயர்வு என்று எழுதியாகிவிட்டால் அந்தப் பணத்தில் யாரும் கைவைக்க முடியாது. பட்ஜெட் குறையும்போது வெட்டு விழுவது எங்கே? தொகுப்பில் சேராத சிறிய அறிவியல் சங்கங்களின் இதழ்களிலும் நூல்களிலும்தான். வேறு வழியில்லாமல் அந்தச் சங்கங்களும் தங்கள் இதழைப் பெரிய பதிப்பகத்திடம் ஒப்படைக்கின்றன, தொகுப்பு இன்னும் பெரிதாகிறது. இரண்டாயிரம் இதழ் கிடைக்கிறதே என்று எண்ணிக்கையைப் பார்த்து மயங்காதீர்கள். எந்த இதழ் எவ்வளவு பயன்படுகிறது என்று பதிப்பகங்கள் பொதுத் தரப்படி தரும் 'கவுன்ட்டர்' அறிக்கையை எடுத்து, எந்த இதழை உண்மையில் படிக்கிறார்கள், அதில் எத்தனை கட்டுரை ஏற்கெனவே இலவசமாகக் கிடைக்கிறது என்று பாருங்கள். பேச்சுவார்த்தையில் எழுந்து போகவும் தயாராக இருக்க வேண்டும்: கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் 2019-இல் பெரிய பதிப்பகமான எல்செவியருடன் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல் விட்டது, 2021-இல் தன் ஆய்வாளர்களின் கட்டுரைகள் திறந்த அணுக்கத்தில், அதாவது யாரும் இலவசமாகப் படிக்கும் வகையில், வெளிவரும்படி புதிய ஒப்பந்தம் போட்டது.

அப்புறம், சந்தா நின்ற பிறகு என்ன ஆகும் என்ற பிரிவைப் படிக்காமல் கையெழுத்துப் போடுவது. அச்சிதழ் என்றால் பழைய தொகுதிகள் அலமாரியில் இருக்கும். மின்னிதழில், 'ஒப்பந்தக் காலத்தில் மட்டும் அணுகலாம்' என்ற ஒரு வரி போதும், பணம் கட்டிய ஆண்டுகளின் இதழ்களும் கையை விட்டுப் போய்விடும். நிரந்தர அணுக்கம் எந்தெந்த இதழுக்கு, எந்த ஆண்டிலிருந்து என்று பட்டியலாகக் கேட்டு வாங்குங்கள். இதழ் வேறு பதிப்பகத்துக்குக் கைமாறினால் என்ன ஆகும், போர்ட்டிகோ, க்ளாக்ஸ் போன்ற காப்பகங்களில் பிரதி இருக்கிறதா என்பதையும் விடாதீர்கள்.

விலையை வெளியே சொல்லக் கூடாது என்ற நிபந்தனைக்கும் சரி என்று தலையாட்டாதீர்கள். பக்கத்து நூலகக் கூட்டமைப்பு என்ன கொடுக்கிறது என்று தெரியாமல் நியாயமான விலையை எப்படிக் கேட்பது?

படிப்பதற்கும் வெளியிடுவதற்கும் சேர்த்துப் பணம் கட்டும் புதிய வகை ஒப்பந்தங்களில் இன்னொரு கண்ணி இருக்கிறது. கட்டுரை எண்ணிக்கையை வைத்துக் கட்டணம் போட்டால், நிறைய எழுதும் ஆய்வு நிறுவனத்தின் பங்கு ஏறும், அதிகம் படித்துக் குறைவாக எழுதும் கல்லூரி 'நமக்கு எதற்கு?' என்று விலகப் பார்க்கும். கூட்டமைப்புக்கு வெளியே இருக்கும் ஆய்வாளரோ வெளியீட்டுக் கட்டணத்தைத் தானே தேட வேண்டும். ஆகவே செலவைப் பங்கிடும் முறையை உறுப்பினர்கள் தங்களுக்குள் முதலில் பேசி முடித்துவிட்டு, அதன் பிறகு பதிப்பகத்தின் முன் உட்காருங்கள்.