பிள்ளை யார் வீட்டில் தூங்குகிறது? சைல்ட் சப்போர்ட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிட்னியில் எங்கள் தமிழ்ப் பள்ளி சனிக்கிழமை காலையில் நடக்கிறது. பிரிந்து வாழும் அப்பா அம்மாக்கள் சிலர் பிள்ளையை வகுப்பில் விட்டுவிட்டு என்னிடம் சைல்ட் சப்போர்ட் பற்றி, அதாவது பிள்ளையை வளர்க்க ஒரு பெற்றோர் மற்றவருக்குக் கட்டும் பணம் பற்றி, கேட்பார்கள். ஐந்தாறு வருடங்களுக்கு முன் நான் செய்த தவறுகளையே அவர்களும் செய்கிறார்கள், கேட்கவே பொறுப்பதில்லை. முகவரி மாற்றத்தைச் சொல்லாதது, வரிக் கணக்குத் தாக்கல் செய்யாதது எல்லாம் யாரும் சொல்லிவிடுவார்கள். அவற்றை விடுகிறேன்.

ஒவ்வோர் இரவுக்கும் காசு உண்டு என்று நினைப்பது

ஆஸ்திரேலியாவில் பிள்ளை யாருடன் எத்தனை இரவு தங்குகிறது என்பதை வைத்தே பெரும்பாலும் பராமரிப்புச் சதவீதம் போடுகிறார்கள். வருடத்துக்கு 52 இரவு, அதாவது 14 சதவீதம் வந்தால், பிள்ளைச் செலவில் 24 சதவீதத்தை நீங்கள் நேரடியாகவே செய்துவிட்டதாகக் கணக்கு; அதற்கேற்பக் கட்ட வேண்டிய பணம் குறையும். பராமரிப்பு 35 சதவீதத்தைத் தொடும்வரை இந்த 24 அசையாது. பதினான்கு நாளில் இரண்டு இரவானாலும் நான்கானாலும் ஒன்றுதான். இது தெரியாமல் மூன்றாவது இரவுக்காக வக்கீலுக்குக் கொட்டிக் கொடுத்தவர்கள் இருக்கிறார்கள். பிள்ளையோடு இருக்க அந்த இரவு வேண்டுமா, தாராளமாகக் கேளுங்கள். காசுக்காக என்றால் விட்டுவிடுங்கள்.

"அப்புறம் சொல்லிக்கொள்ளலாம்"

இன்றும் எனக்கு ஆறாதது இது.

மகனுக்கு அப்போது ஒன்பது வயது. பதினான்கு நாளில் நான்கு இரவு என்னிடம் இருப்பான். பிப்ரவரியில் அவன் அம்மாவுக்கு இரவு வேலை வந்தது. பள்ளிப் பையையும் தலையணையையும் கட்டிக்கொண்டு கூடுதலாக இரண்டு இரவு வர ஆரம்பித்தான். "ஷிப்ட் ஒரு நிலைக்கு வரட்டும், அப்புறம் சொல்லிக்கொள்ளலாம்" என்றார் அவர். சரி என்றேன். சண்டையில்லாமல் போகிறதே என்ற நிம்மதி. இந்தக் கணக்கைப் போடும் அரசு அலுவலகமான சர்வீசஸ் ஆஸ்திரேலியாவிடம் சொன்னது ஜூலையில்.

ஆறு இரவு என்றால் 42 சதவீதம். செலவில் நான் நேரடியாகச் செய்துவிட்டதாகக் கொள்ளும் பங்கு 24-லிருந்து 39 ஆக ஏறும், கட்ட வேண்டியது குறையும். ஆனால் மாற்றம் நடந்த 28 நாளுக்குள் சொல்லியிருக்க வேண்டும். பிந்தினால், பராமரிப்புக் கூடியவருக்குச் சொன்ன நாளிலிருந்துதான் புதுச் சதவீதம். குறைந்தவருக்கோ மாறிய நாளிலிருந்தே. ஐந்து மாதம் பழைய கணக்கிலேயே கட்டினேன். அவருக்கும் நன்மையில்லை. பிள்ளை வளர்ப்பவர்களுக்கு அரசு தரும் உதவிப் பணமான ஃபேமிலி டாக்ஸ் பெனிஃபிட்டும் இதே சதவீதத்தைப் பார்த்துத்தான் வருகிறது என்பதால், கூடுதலாக வாங்கியதைத் திருப்பிக் கட்டினார். இருவர் மனதிலும் கள்ளமில்லை. இருவருக்கும் நஷ்டம்.

"எந்தத் தேதியிலிருந்து?" என்று சர்வீசஸ் ஆஸ்திரேலியாவில் கேட்டபோது இன்னொன்றும் உறைத்தது. சமையலறைச் சுவரில் கோயில் காலண்டர் தொங்கியது. கார்த்திகையும் பிரதோஷமும் அச்சில் இருந்தன. மகன் வந்து தூங்கிய ஓர் இரவைக்கூட நான் குறித்திருக்கவில்லை. பழைய மெசேஜ்களையும், பள்ளி முடிந்து அவன் இருக்கும் பராமரிப்பு நிலையத்தில் யார் கையெழுத்திட்டுக் கூட்டிப்போனோம் என்ற பதிவையும் தோண்டித்தான் தேதியைக் கண்டுபிடித்தேன். இப்போது ஒவ்வோர் இரவும் சிவப்புப் பேனாவில் ஒரு புள்ளி.

போன மாதம் ஒரு தகப்பன், "இப்போது சொன்னால் அவள் கோபப்படுவாள் அண்ணா" என்றார். மகள் கூடுதலாக வரத் தொடங்கி மூன்று வாரம். முதலில் அந்த அம்மாவுக்கு ஒரு மெசேஜ் போடச் சொன்னேன்: இன்ன தேதியிலிருந்து இத்தனை இரவு, இதைப் பதிவு செய்கிறேன் என்று. பிறகு வகுப்பு முடிவதற்குள் பெஞ்சிலேயே உட்காரவைத்து, அரசின் இணையதளமான மைகவ் வழியாகப் பதிய வைத்தேன்.

ரொக்கமாகக் கொடுப்பது

வேண்டாம். வங்கி வழியாக மட்டும்.

பணம் வரவில்லை என்று பிள்ளையைக் காட்ட மறுப்பது

பணம் வேறு, பார்ப்பது வேறு. இதில் தண்டனை பிள்ளைக்குத்தான்.

பிள்ளையிடம் இரவுகளை எண்ணச் சொல்வது

செய்யாதீர்கள்.

முடிவுக் கடிதத்தை மேசையில் போட்டு வைப்பது

சதவீதம் தவறாக இருந்தால் கடிதம் கிடைத்த 28 நாளுக்குள் ஆட்சேபம் தெரிவியுங்கள். பிந்தித் தெரிவித்தால், நீங்கள் சொல்வதே சரியென்று ஆனாலும், பெரும்பாலும் ஆட்சேபித்த நாளிலிருந்துதான் மாற்றுவார்கள். அதிலும் திருப்தி இல்லையென்றால் நிர்வாக மறுஆய்வுத் தீர்ப்பாயம் இருக்கிறது. 2024 அக்டோபரில் பழைய மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தின் இடத்தில் வந்தது இது. நண்பர் கொடுத்த பழைய படிவத்தோடு போகாதீர்கள்.