ஏற்காட்டில் மரத்தில் தூங்கப் போகிறவர்களுக்கு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

தை பிறந்து மழை ஓய்ந்தால் போதும், சனிக்கிழமை மதியமே சேலத்திலிருந்து கயிற்றுப் பையும் ஹேமக்குமாக (மரத்தில் கட்டித் தூங்கும் தூளி) 20 கொண்டை ஊசி வளைவையும் ஏறி வந்துவிடுகிறார்கள். யாரும் விவரம் தெரியாதவர்கள் இல்லை. முடிச்சுகளை என்னைவிட வேகமாகப் போடுகிறார்கள். ஆனால் பழைய ஆட்கள் நாங்கள் அடித்த அதே கூத்தைத்தான் ஒவ்வொரு புதுக் கூட்டமும் அடிக்கிறது. ஹெல்மெட் போடுங்கள், தனியாக ஏறாதீர்கள், குடித்துவிட்டு ஏறாதீர்கள் என்பதையெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை.

சில்வர் ஓக்கை நம்புவது

இங்கே காப்பித் தோட்டம் என்றால் நிழலுக்கு சில்வர் ஓக், அதன் மேல் மிளகுக் கொடி. மரம் நேராக உயர்ந்து நிற்பதால் எறிகயிறு, அதாவது ஏறும் கயிற்றைக் கிளைக்கு மேல் இழுத்துப் போட உதவும் மெல்லிய கயிறு, வீச வசதி. அதனால் முதல் கண் அதன்மேல்தான் விழும். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த மரம் இது. வேகமாக வளரும், கிளை சட்டென்று முறியும். போதாததற்கு நிழலைக் குறைக்கக் கவாத்து வேறு செய்வார்கள். வெட்டின இடத்தில் துளிர்த்து வரும் கொம்பு கீழேயிருந்து பார்க்கும்போது நல்ல கனமாகத் தெரியும். ஆனால் அது மரத்தின் உள்ளிருந்து வளர்ந்ததில்லை, பட்டையை ஒட்டி முளைத்தது. மிளகு பறிக்கும் மேஸ்திரி ஒருவர், "அந்தக் கொம்பு சும்மா ஒட்டிக்கிட்டு இருக்குதுங்க" என்பார். அவர் ஏணியைக்கூட அதில் சாய்க்க மாட்டார். கயிறு உரசி மிளகுக் கொடி அறுந்தால் அது தனி வம்பு.

வயதான பலாவோ மாவோ தேடுங்கள். தொடை கனத்தில், பச்சை இலையோடு இருக்கும் கிளை வேண்டும். கயிறு விழுந்ததும், ஏறுவதற்கு முன்னால் இரண்டு பேர் சேர்ந்து தொங்கிப் பாருங்கள்.

தொய்வு

இதற்காகத்தான் எழுதவே உட்கார்ந்தேன்.

ராத்திரி ஹார்னஸை (இடுப்பிலும் தொடையிலும் மாட்டும் பாதுகாப்புப் பட்டை) கழற்றக் கூடாது, கயிற்றோடு கட்டியபடியே தூங்க வேண்டும். இது எல்லோருக்கும் தெரியும், எல்லோரும் கட்டவும் செய்கிறார்கள். எப்படிக் கட்டுகிறார்கள் என்பதுதான் சங்கதி. இறுக்கமாக இருந்தால் புரள முடியவில்லை, இடுப்பைப் பிடித்து இழுக்கிறது என்று கயிற்றை ஓர் ஆள் உயரத்துக்குத் தளர்த்திவிடுகிறார்கள். இன்னும் சிலர் ஏறி வந்த கயிற்றைச் சுருட்டிப் பையில் போட்டுவிட்டு, ஹேமக் தொங்கும் அதே கிளையில் ஒரு ஸ்லிங்கை (பட்டை வளையம்) சுற்றி இடுப்பில் மாட்டிக்கொள்கிறார்கள். கேட்டால், "கட்டித்தானே இருக்கேன்ணா!" இந்தப் பதிலைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வருகிறது.

நாம் ஏறுவது அதிகம் நீளாத ஸ்டாட்டிக் கயிற்றில். பாறை ஏறுகிறவர்களின் டைனமிக் கயிறு நீண்டு, விழுகிற வேகத்தைத் தானே வாங்கிக்கொள்ளும். இது வாங்காது, உங்கள் இடுப்புக்குக் கொடுத்துவிடும். ஸ்டாட்டிக் கயிற்றுக்கான ஐரோப்பியத் தரம் இஎன் 1891. விழும் தூரத்தைக் கயிற்றின் நீளத்தால் வகுத்தால் வருவது வீழ்ச்சி விகிதம். அந்தத் தரத்தில் அதிர்வை அளப்பதே 0.3 விகிதத்தில்தான், அதாவது 2 மீட்டர் கயிற்றில் 60 சென்டிமீட்டர் விழுவது. அந்தச் சின்ன வீழ்ச்சிக்கே, 100 கிலோ எடைக்கு, 6 கிலோநியூட்டன் வரை அனுமதி. ஏறக்குறைய 600 கிலோ ஒரு கணம் உங்கள்மேல் ஏறியதற்குச் சமம். இப்போது உங்கள் ஸ்லிங்கைப் பாருங்கள். 1 மீட்டர் நீளம், கட்டியிருப்பது இடுப்பு மட்டத்தில். ஹேமக் நழுவினால் முழு மீட்டரும் விழுவீர்கள். விகிதம் 1.

நாகலூர் பக்கம் ஒரு தோட்டத்தில் கல்லூரிப் பையன் ஒருவன் இப்படித்தான் படுத்தான். நடுராத்திரியில் சத்தம். தலைமாட்டுக் கட்டு வழுக்கி ஹேமக் சரிந்துவிட்டது. ஸ்லிங் பிடித்துக்கொண்டது, உண்மைதான். ஆனால் கால் இரண்டும் ஸ்லீப்பிங் பேக்கில் சிக்கியிருக்க, கிளைக்குக் கீழே மல்லாந்து தொங்கினான். ஸ்லிங் கைக்கு எட்டுகிறது, மொத்த எடையும் அதில் இருப்பதால் கழற்ற முடியவில்லை. இறங்கும் கயிறு? ஹேமக்கில் மாட்டிய பையில் இருந்தது. பை தரையில் கிடந்தது. ஹார்னஸில் அசையாமல் தொங்கினால் ரத்தம் காலிலேயே தேங்கி மயக்கம் வரும், நீடித்தால் உயிரே போகலாம். நானும் நண்பரும் பக்கத்து மரத்திலிருந்து இறங்கி, இருட்டில் எறிகயிறு வீசி, "காலை உதைச்சுக்கிட்டே இருடா" என்று கத்தியபடி ஏறி, அவனை எங்கள் கயிற்றுக்கு மாற்றி இறக்குவதற்குள் பேச்சு குழற ஆரம்பித்திருந்தது. இடுப்பெலும்பில் விரிசல். ஒரு செமஸ்டர் போனது.

படுக்கையின் கட்டுகள் வேறு, உங்கள் கயிறு வேறு. உங்கள் கயிறு தலைக்கு மேலே இன்னொரு கிளையிலிருந்து வரட்டும். பிளேக்ஸ் ஹிட்ச் மாதிரி, எடை இருக்கும்போதே கையால் நகர்த்தக்கூடிய முடிச்சில் இருங்கள். படுத்த பின் தொய்வை இழுத்து ஒரு சாணுக்குக் கொண்டு வாருங்கள். புரண்டு படுக்க அது போதும். ராத்திரி எழுந்து உட்கார்ந்தால் மறுபடி தொய்வு விழும், மறுபடி இழுங்கள். கயிறு ஸ்லீப்பிங் பேக்கின் ஜிப் வழியாக வெளியே வரட்டும். அதன் வால் தரையைத் தொட வேண்டும், நுனியில் ஒரு முடிச்சு. கயிறு கிளைமேல் போய்த் திரும்பி உங்களிடமே வரும் இரட்டைக் கயிற்று முறை என்றால் கிளை உயரத்தைப் போல இரு மடங்கு நீளம் வேண்டும். அவ்வளவு கயிறு இல்லையா? தாழ்வான கிளையில் தூங்குங்கள்.

முசுறு

அடிவாரத்து மாமரத்தில் இந்தக் கடிக்கிற எறும்பின் இலை பின்னிய கூடு தெரிந்தால் அந்த மரம் உங்களுடையதல்ல.

வெள்ளை விளக்கு

மலைத்தேனீ கனத்த கிளைக்கு அடியில் ஒற்றை அடையாகத் தொங்கும். நிலா வெளிச்சத்தில் ராத்திரியும் பறக்கும், வெளிச்சத்தைத் தேடி வரும். முகத்தில் வெள்ளை டார்ச்சைக் கட்டிக்கொண்டு சமோசா தின்றுகொண்டிருப்பவரை அதற்கு நன்றாகவே தெரியும். பகலிலேயே சுற்றியுள்ள மரங்களையும் பைனாகுலரில் பாருங்கள். ராத்திரி சிவப்பு விளக்கு மட்டும், அதுவும் தேவைப்பட்டால்.

அடியிலிருந்து ஏறும் குளிர்

சேலத்தைவிட ஏற்காடு சுமார் 1,200 மீட்டர் உயரம். தரையில் படுத்தால் மண் கொஞ்சம் காப்பாற்றும். ஹேமக்கில் முதுகுக்குக் கீழே வெறும் காற்று. ஸ்லீப்பிங் பேக் எவ்வளவு விலை உயர்ந்ததாக இருந்தாலும் உடல் எடையில் நசுங்கின பக்கம் சூடு தராது. முதுகுக்குக் கீழே ஒரு ஃபோம் மேட். மேலே எத்தனை போர்வை போர்த்தினாலும் இதற்கு ஈடில்லை.

கோடை இடி

சித்திரை, வைகாசியில் லாட்ஜில் தூங்குங்கள்.

சொல்லாமல் ஏறுவது

காப்புக்காட்டுக்குள் அனுமதி இல்லாமல் நுழைவதே குற்றம், மரத்தில் தூங்கினாலும் சரி, தரையில் தூங்கினாலும் சரி. தனியார் தோட்டத்தில் முதலாளி சரி என்றால் போதும் என்று நினைக்கிறார்கள். ராத்திரி சுற்றி வருகிறவர் வாட்ச்மேன். மிளகு பழுத்திருக்கும் மாதத்தில் மரத்தின் மேல் வெளிச்சம் தெரிந்தால் அவர் என்ன நினைப்பார்? அவரிடமும் மேஸ்திரியிடமும் நேரில் போய்ச் சொல்லிவிட்டு ஏறுங்கள்.

பார்க்காமல் இறங்குவது

விடிந்ததும் அவசரமாக இறங்குவீர்கள். காரணம் எனக்கும் தெரியும், மேலே ஒரு பாட்டில் வைத்துக்கொண்டால் அந்த அவசரம் இருக்காது. காப்பிச் செடிக்குள் காட்டுமாடு நின்றால் மேலிருந்து கறுப்பாக ஒரு முதுகு மட்டும்தான் தெரியும், சத்தமே இருக்காது. நின்றால் காத்திருங்கள். விசில் அடிக்காதீர்கள், எதையும் வீசாதீர்கள். அது போன பிறகும் கொஞ்ச நேரம் பொறுங்கள், பின்னால் கன்று வரலாம்.