சீனிக்குப் பதில் மாத்திரை: பக்கவிளைவு என்று சந்தேகப்படும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சாயாவில் சீனியை விட்டு இனிப்பு மாத்திரைக்கு மாறியவர்கள் சொல்லும் புகார்கள் ஏறத்தாழ ஒன்றுபோலவே இருக்கும். வயிற்றுப்போக்கு, வயிறு உப்பல், தலைவலி, தலைசுற்றல். புகார் பொய்யில்லை. ஆனால் அதற்குக் காரணம் எது என்று முடிவுகட்டும் இடத்தில்தான் பலரும் சறுக்குகிறார்கள்.

மாத்திரையும் 'சுகர் ஃப்ரீ' பலகாரமும் ஒன்று என்று நினைப்பது

மாத்திரையில் இருக்கும் இனிப்பூட்டிகளில் அஸ்பார்டேம் சீனியைவிடச் சுமார் 200 மடங்கும், சுக்ரலோஸ் சுமார் 600 மடங்கும் இனிப்பானவை. ஒரு சாயாவுக்குச் சில மில்லிகிராம் போதும். அவ்வளவு சிறிய அளவு குடலைக் கலக்குவது அரிது.

பலகாரத்தின் கணக்கு வேறு. முந்திரிக்கொத்தில் வறுத்த பயறு மாவை உருண்டையாகப் பிடித்து நிறுத்துவது பாகுதான். சில மில்லிகிராம் சுக்ரலோஸை வைத்துப் பாகு காய்ச்ச முடியாது. அதனால் பாக்கெட்டில் வரும் சீனியில்லா சாக்லேட், மிட்டாய், லட்டு போன்றவற்றில் எடைக்கும் பதத்துக்கும் மால்டிட்டால், சார்பிட்டால் போன்ற சர்க்கரை ஆல்கஹால்களைச் சேர்ப்பது வழக்கம். பெயரில் ஆல்கஹால் இருந்தாலும் போதைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இவை கிராம் கணக்கில் சேர்கின்றன. சிறுகுடல் இவற்றை முழுதாக உறிஞ்சுவதில்லை. மிச்சம் குடலுக்குள் தண்ணீரை இழுக்கும், பெருங்குடலுக்குப் போனால் அங்குள்ள பாக்டீரியா அதைப் புளிக்கவைத்து வாயுவாக்கும். சார்பிட்டால் ஒரே வேளையில் 10 கிராம் போனாலே பலருக்கு வயிறு உப்பும், 20 கிராம் தாண்டினால் வயிற்றாலை போகும். குடல் எரிச்சல் நோய் உள்ளவர்களுக்கு இதைவிடக் குறைவாகவே போதும்.

பாக்கெட்டின் பின்பக்கத்தில் இந்த எண்களைத் தேடுங்கள்: 420 சார்பிட்டால், 421 மானிட்டால், 953 ஐசோமால்ட், 965 மால்டிட்டால், 967 சைலிட்டால். 968 எரித்ரிட்டால், இதன் பெரும்பகுதி சிறுகுடலிலேயே உறிஞ்சப்பட்டுச் சிறுநீரில் போய்விடுவதால் வயிற்றுக்கு மற்றவை அளவுக்குத் தொல்லை தராது. ஆனால் இரத்தத்தில் எரித்ரிட்டால் அதிகம் இருந்தவர்களுக்கு மாரடைப்பும் பக்கவாதமும் கூடுதலாக வந்ததாக 2023இல் ஓர் ஆய்வு வெளியானது. அது தொடர்பைத்தான் காட்டியது, காரணத்தை நிறுவவில்லை. இருந்தாலும் இதய நோய் உள்ளவர்கள் அதைக் கரண்டி கரண்டியாக அள்ளிப்போடாமல் இருப்பதே புத்தி.

சீனி சேர்க்காத இருமல் சிரப்புகளிலும் சார்பிட்டால் இருக்கலாம். இதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

கூடவே சாப்பிடும் மருந்தை மறப்பது

சர்க்கரை நோய் என்று தெரிந்த அதே வாரத்தில்தான் பலரும் சீனியை விடுகிறார்கள், அதே வாரத்தில்தான் மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை நோய் மருந்தும் தொடங்குகிறது. மெட்ஃபார்மின் தொடங்கும்போதும் அளவு கூட்டும்போதும் வயிற்றுப்போக்கு வருவது சாதாரணம். சர்க்கரை நோய்க்கே கொடுக்கும் வோக்ளிபோஸ், அகார்போஸ் மாத்திரைகள் வாயுவைக் கூட்டும். பழி மட்டும் சாயாவில் போட்ட மாத்திரைக்கு. எந்தத் தேதியில் எது தொடங்கியது என்று ஒரு தாளில் எழுதிப் பார்த்தாலே பாதிச் சந்தேகம் தீர்ந்துவிடும்.

தாழ்சர்க்கரையைப் பக்கவிளைவு என்று நினைப்பது

இந்தத் தவறு உயிருக்கே ஆபத்தாகலாம். ஒருவர் நாளுக்கு ஐந்து சாயா, ஒவ்வொன்றிலும் இரண்டு கரண்டி சீனி என்று குடித்துவந்தார் என்று வைத்துக்கொள்வோம். கரண்டிக்கு 5 கிராம் என்றால் மொத்தம் 50 கிராம். அதை ஒரே நாளில் நிறுத்திவிட்டு இன்சுலினையோ, சர்க்கரையைக் குறைக்கும் கிளிமிபிரைடு மாத்திரையையோ பழைய அளவிலேயே தொடர்ந்தால் இரத்தத்தில் சர்க்கரை அளவுக்கு மீறிக் கீழே இறங்கலாம், இதுதான் தாழ்சர்க்கரை. வியர்வை, கைநடுக்கம், படபடப்பு, தலைசுற்றல் வரும். வீட்டில் "அந்த மாத்திரை ஒத்துக்கல" என்பார்கள். அதைவிட மோசம், தெம்புக்கு என்று மாத்திரை போட்ட சாயாவையே கொடுப்பார்கள். அதில் சர்க்கரையை ஏற்ற ஒன்றுமில்லை.

உடனே குளுக்கோமீட்டரில் பாருங்கள். 70க்குக் கீழே இருந்தால் 15 கிராம் குளுக்கோஸ் பொடி, அதாவது மூன்று சிறிய கரண்டி, அரை டம்ளர் வெள்ளத்தில் கலக்கிக் கொடுங்கள். 15 நிமிடம் கழித்துத் திரும்பப் பாருங்கள், ஏறவில்லையென்றால் மறுபடி கொடுங்கள். வோக்ளிபோஸ், அகார்போஸ் சாப்பிடுபவருக்குச் சீனியும் கருப்பட்டியும் மெதுவாகத்தான் ஏறும், குளுக்கோஸ் பொடியே வேண்டும். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாமல் 108ஐக் கூப்பிடுங்கள். சீனியை நிறுத்தப்போவதை மருத்துவரிடம் முன்கூட்டியே சொன்னால் மருந்தின் அளவை அவர் பார்த்துக்கொள்வார்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் நிறுத்திச் சோதிப்பது

தலைவலி வந்ததும் மாத்திரையோடு சாயாவையும் சேர்த்து நிறுத்துவார்கள். காபின் நின்றால் ஒரு நாளுக்குள்ளேயே தலைவலி தொடங்கி, ஒரு வாரம்கூட நீடிக்கும். பிறகு எதை வைத்து முடிவு செய்வது?

முறையாகச் செய்ய வேண்டுமானால் சாயாவின் எண்ணிக்கை, சாப்பாட்டு நேரம், மருந்து எதையும் மாற்றாதீர்கள். இனிப்பூட்டியை மட்டும் இரண்டு வாரம் விடுங்கள். கட்டன்சாயாவானாலும் பால் சாயாவானாலும் இனிப்பில்லாமல்தான். தொந்தரவு நின்றதா என்று தினமும் ஒரு வரி எழுதுங்கள். நின்றால் அதே மாத்திரையை, அதே எண்ணிக்கையில், மூன்று நான்கு நாள் திரும்பப் போடுங்கள். தொந்தரவு திரும்பி வந்தால் சந்தேகத்துக்கு ஆதாரம் இருக்கிறது. அப்போது அஸ்பார்டேமிலிருந்து சுக்ரலோஸுக்கோ, செடியிலிருந்து எடுக்கும் ஸ்டீவியாவுக்கோ மாறிப் பார்க்கலாம். ஸ்டீவியாவில் லேசான கசப்பு பின்னால் நிற்கும், அது கெட்டுப்போனதன் அடையாளமல்ல.

தடிப்பு, முகவீக்கம், மூச்சுத்திணறல் வந்தவர்கள் மட்டும் இந்தத் திரும்பப் போடும் சோதனையை வீட்டில் செய்யவே கூடாது.

கொதிக்கும் பாயசத்தில் போடுவது

ஓணத்துக்கு அடைப்பாயசம் வைக்கும்போது அஸ்பார்டேம் மாத்திரையை அடுப்பில் இருக்கும்போதே போட்டால் அது சிதைந்து இனிப்பு போய்விடும். இனிக்கவில்லையே என்று இன்னும் பத்து மாத்திரை விழும். இறக்கி, சூடு தணிந்த பிறகு போட்டால் போதும். சுக்ரலோஸ் கொதிநிலையைத் தாங்கும், ஆனால் 120 டிகிரிக்கு மேல் போகும் எண்ணெய்ப் பொரிப்புக்கும் பேக்கிங்குக்கும் வேண்டாம். அந்த வெப்பத்தில் குளோரின் சேர்ந்த வேண்டாத பொருள்கள் உருவாகலாம் என்று ஜெர்மனியின் உணவு இடர் மதிப்பீட்டு நிறுவனம் 2019இல் எச்சரித்தது. இன்னொன்று, இனிப்பூட்டி போட்ட பாயசத்திலும் அடையின் அரிசி அப்படியே இருக்கிறது. சர்க்கரை ஏறத்தான் செய்யும்.

புற்றுநோய்ச் செய்தியை அரைகுறையாகப் படிப்பது

2023 ஜூலையில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு அஸ்பார்டேமை '2பி', அதாவது 'புற்றுநோயை உண்டாக்கக்கூடும்' என்ற பிரிவில் சேர்த்தது. ஆதாரம் குறைவாக இருக்கும்போது போடும் பிரிவு அது. உணவுச் சேர்க்கைப் பொருள்களை மதிப்பிடும் நிபுணர் குழு அதே சமயத்தில், உடல் எடையில் கிலோவுக்கு 40 மில்லிகிராம் என்ற தினசரி வரம்பை மாற்றவில்லை. 60 கிலோ உள்ளவருக்கு 2400 மில்லிகிராம். ஒரு மாத்திரையில் 18 மில்லிகிராம் என்றால் நூற்றுமுப்பது மாத்திரைக்கு மேல். உடல் எடையைக் குறைக்க இனிப்பூட்டிகளை நம்ப வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் அதே ஆண்டு மே மாதம் சொன்னது தனிச் செய்தி. அந்தப் பரிந்துரை ஏற்கெனவே சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கானதும் அல்ல.

பிறவியிலேயே ஃபீனைல்கீட்டோனூரியா, அதாவது ஃபீனைல்அலனின் என்ற புரதக்கூறை உடலால் சிதைக்க முடியாத நோய், உள்ளவர்கள் அஸ்பார்டேமைத் தொடக்கூடாது. குழந்தைகளுக்கு எதுவும் வேண்டாம். கர்ப்பிணிகள் சாக்கரின் என்ற இனிப்பூட்டியைத் தவிர்ப்பது நல்லது. வீட்டில் நாய் இருந்தால் சைலிட்டால் உள்ள சூயிங்கத்தை எட்டாத இடத்தில் வையுங்கள், அதற்கு அது நஞ்சு.

பயந்து கருப்பட்டிக்குத் தாவுவது

கருப்பட்டியின் பெரும்பகுதி சீனியில் இருக்கும் அதே சுக்ரோஸ். தேனிலும் குளுக்கோஸும் ஃபிரக்டோஸும்தான் அதிகம். அக்கானியும், அதாவது பதநீரும், அப்படியே. மணமும் ருசியும் வேறு, குளுக்கோமீட்டருக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

தொந்தரவு தொடர்ந்தால் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ நாகர்கோவில் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ போகும்போது வெறும் கையோடு போகாதீர்கள். மாத்திரை டப்பா, பலகாரத்தின் உறை, எல்லா மருந்துச் சீட்டுகள், நாள்வாரியாக எழுதிய தாள் நான்கும் கையில் இருக்கட்டும். உறையில் பேட்ச் எண் உள்ள பகுதியைக் கிழித்துப்போட்டுவிடாதீர்கள். பொருளே கலப்படமோ என்று சந்தேகம் வந்தால் உணவுப் பாதுகாப்புத் துறையில் புகார் கொடுக்க அதுதான் முதலில் வேண்டும்.