உள்ளக ஓட்டத்துக்குப் போகிறீர்களா? வளைவைப் பழகுங்கள்

மூத்தோர் உள்ளக மெய்வல்லுநர் போட்டிக்கு வெளிநாடு போகத் தயாராகும் நம் மலையகக் கழக ஓட்டக்காரர்களுக்கு ஒரு சின்னக் குறிப்பு. ஏற்றத்தில் ஓடிப் பழகிய மூச்சு நமக்கு உண்டு. உதைப்பது வளைவுதான். உள்ளகச் சுவட்டில் ஒரு சுற்று 200 மீற்றர் என்பதால், 1500 மீற்றர் ஓடி முடிக்க 15 வளைவுகள் வரும்.

தோட்டத்து மைதானமே பயிற்சிக்குப் போதும். ஒரு முளை அடித்து, 17 மீற்றர் கயிறு கட்டி, அதை இழுத்துப் பிடித்தபடி சுண்ணாம்புத் தூளால் அரைவட்டம் போடுங்கள். திறந்தவெளி மைதானச் சுவட்டின் ஆரை இதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல், அதனால் முதல் தடவை வெளியே தள்ளுவதுபோல் இருக்கும். இடுப்பை ஒடிக்காமல், கணுக்காலில் இருந்தே முழு உடம்பையும் உள்பக்கம் சாயுங்கள். வலது கை கொஞ்சம் அகலமாக வீசினால் பரவாயில்லை.

முழு வேகம் வேண்டாம். அங்கே வளைவைப் பெரும்பாலும் சரித்துக் கட்டியிருப்பார்கள், நம் தரை சமதளம். நுவரெலியாப் பக்கம் காலையில் புல் பனியில் ஊறிக் கிடக்கும், வெயில் ஏறியபின் இறங்குங்கள். இடப்பக்கமே திரும்பிக்கொண்டிருந்தால் இடது கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும் (நாற்பது தாண்டிய கால்கள் இதை மறக்காது!). இடையிடையே எதிர்த்திசையிலும் மெதுவாக ஓடுங்கள்.

அப்புறம், சப்பாத்து ஆணி. பல உள்ளகச் சுவடுகளில் 6 மில்லிமீற்றருக்கு மேல் அனுமதியில்லை. புல்லுக்குப் போடும் நீள ஆணிகளை இங்கேயே கழற்றி மாற்றிவிடுங்கள்.