குழந்தைகளோடு நாகேஸ்வர ராவ் பார்க்: லீவில் சென்னை வருகிறவர்களுக்கு

மயிலாப்பூர் லஸ் சர்ச் ரோட்டில் இருக்கும் நாகேஸ்வர ராவ் பூங்காவுக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது. அமிர்தாஞ்சனைத் தொடங்கிய காசிநாதுனி நாகேஸ்வர ராவின் பெயரால் அமைந்தது. ஏறக்குறைய 4 ஏக்கர்தான். ஆனால் நல்ல மரநிழல், நடைபாதை, இறகுப்பந்து ஆடும் இடம், சிறுவர் விளையாட்டுப் பகுதி எல்லாம் உண்டு. தாத்தா பாட்டி வீட்டு ஃபிளாட்டில் அடைந்துகிடக்கும் வாண்டுகள் ஒரு மணி நேரம் ஓடித் தீர்க்க இது தாராளம்.

எந்த நேரத்தில் போகிறீர்கள் என்பதில்தான் பாதி விஷயம் இருக்கிறது. அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த குழந்தைகள் நேர வித்தியாசத்தால் முதல் சில நாள் விடிவதற்கு முன்பே எழுந்து உட்கார்ந்துவிடும். அவர்களை மறுபடி தூங்கவைக்க முயலாமல், வெளிச்சம் வந்ததும் கூட்டிக்கொண்டு போய்விடுங்கள். நடைப்பயிற்சிக் கூட்டம் இருக்கும், ஊஞ்சல் காலியாக இருக்கும். லண்டன், பாரிஸ் குழந்தைகள் நேர் எதிர்: பத்து மணிக்குத்தான் கண் விழிப்பார்கள். அதற்குள் வெயில் ஏறிவிடும். அவர்களுக்கு மாலை 4:30 சரி. ஐரோப்பியக் கோடைபோல ஒன்பது மணி வரை வெளிச்சம் இருக்கும் என்று நினைக்காதீர்கள்; மே மாதத்திலேயே ஆறரைக்கு இருட்டிவிடும், டிசம்பரில் ஆறு மணிக்குள். சனி, ஞாயிறு மாலைகளில் ஊஞ்சலுக்கு வரிசைதான். நடுப்பகலில் கேட் மூடும் வழக்கம் மாநகராட்சிப் பூங்காக்களில் உண்டு. வாசல் பலகையில் நேரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

டெங்கு பரப்பும் கொசு பகலில் கடிப்பது. விடிந்த சில மணி நேரமும் சாயங்காலமும்தான் அதற்கு உச்ச நேரம், அதாவது நீங்கள் பூங்காவில் இருக்கும் அதே நேரம். மெல்லிய பருத்தியில் முழுக்கை, முழுக்கால் உடை போடுங்கள்; கொசு விரட்டி கிரீமை வீட்டிலேயே தடவிவிடுங்கள். இரண்டு மாதத்துக்கு உட்பட்ட பச்சிளங்குழந்தைக்குக் கிரீம் வேண்டாம், வலைதான்.

குழந்தையை ஏற்றிவிடுவதற்கு முன் இரண்டு நிமிடம் செலவிடுங்கள். வெயில் பட்ட உலோகச் சறுக்குமரத்தில் உங்கள் புறங்கையை ஐந்து விநாடி வைத்துப் பாருங்கள். உங்களுக்குச் சுட்டால் குழந்தையின் தொடை பொத்துப்போகும். பிளாஸ்டிக் சறுக்கில் விரிசலின் விளிம்பு கத்திபோலக் கிழிக்கும். அடிப்பகுதியைத் தடவிப் பாருங்கள். ஊஞ்சல் சங்கிலி மேல் கொக்கியோடு சேரும் இடம் தேய்ந்திருக்கிறதா, சீசாவின் நடு போல்ட் ஆடுகிறதா என்று பாருங்கள். கைக்குழந்தையைக் கட்டி உட்கார வைக்கும் தொட்டில் ஊஞ்சல் நம் ஊர்ப் பூங்காக்களில் அரிது. அதற்காக மடியில் வைத்துக்கொண்டு நீங்கள் உட்கார்ந்தால் வாட்ச்மேன் விசில் ஊதுவார். அவர் செய்வது சரிதான், அந்தச் சங்கிலி பெரியவர் எடைக்குப் போட்டதில்லை. மணலில் நாய், பூனை அசிங்கம் இருக்கலாம், அதனால் செருப்பைக் கழற்ற விடாதீர்கள்.

தெருநாயைக் கொஞ்சப் போகும் பழக்கம் வெளிநாட்டில் வளர்ந்த குழந்தைகளுக்கு அதிகம். கிளம்பும் முன்பே சொல்லிவையுங்கள். கடியோ, ரத்தம் வராத சின்னக் கீறலோ எதுவானாலும் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பக்கத்தில் ராயப்பேட்டை அரசு மருத்துவமனை. வெறிநாய்க்கடித் தடுப்பூசி ஒன்றோடு முடியாது, பல தவணை உண்டு. ஊருக்குத் திரும்பும் தேதி நடுவில் வந்தால் மிச்சத்தை அங்கே தொடர, தடுப்பூசிச் சீட்டைப் பத்திரமாக வையுங்கள். ஆம்புலன்ஸ் 108.

பிராம் வேண்டாம். வழியெல்லாம் நடைபாதை ஏறி இறங்கும். இடுப்பில் தூக்கிக்கொள்வதே சுலபம். தண்ணீர், டிஷ்யூ, மாற்று உடை கையில் இருக்கட்டும். பூங்காவின் கழிப்பறை பூட்டியிருக்கலாம் என்று எண்ணி வீட்டிலேயே ஒன்றுக்குப் போகச் சொல்லிக் கிளம்புங்கள். பக்கத்துப் பாட்டி கன்னத்தைக் கிள்ளிக் கடலை மிட்டாய் நீட்டுவார். வேர்க்கடலை ஒவ்வாமை உள்ள குழந்தையென்றால் "பாட்டி, இவனுக்குக் கடலை ஆகாது, டாக்டர் கூடாதுன்னுட்டார்" என்று சொல்லுங்கள். 'அலர்ஜி' என்பதைவிட டாக்டர் பெயருக்கு மதிப்பு அதிகம்.

ஆட்டோக்காரரிடம் "லஸ் கார்னர்" என்று மட்டும் சொல்லாதீர்கள். மெட்ரோ ரயில் வேலையால் அங்கே வழிகள் மாறிக்கொண்டே இருக்கின்றன, மூலையிலேயே இறக்கிவிட்டுப் போய்விடுவார். "லஸ் சர்ச் ரோடு, நாகேஸ்வர ராவ் பார்க் வாசல்" என்று முழுசாகச் சொல்லுங்கள்.