மச்சானின் கிழங்கு மெஷினும் ஒட்டாவா நாடாளுமன்றமும்: சேலத்தில் உட்கார்ந்தபடி பின்தொடர்வது எப்படி

ஆத்தூர் ரோட்டில் என் மச்சானுக்கு ஒரு பட்டறை இருக்கிறது. சேகோ ஃபேக்டரிகளுக்கு மெஷின் செய்து கொடுக்கிறார், அறுபது சொச்சம் பேர் வேலை பார்க்கிறார்கள். குச்சிக்கிழங்குத் தோல் உரிக்கும் மெஷினில் அவர் செய்த ஒரு மாற்றம் உருளைக்கிழங்குக்கும் ஒத்து வந்தது. சென்னை கிண்டியில் உள்ள காப்புரிமை அலுவலகத்தில் விண்ணப்பம் போட்டார், அப்புறம் கனடாவிலும் போட்டு வைக்கலாம் என்று ஆசை வந்துவிட்டது. ஏஜென்ட் ஒருவர் விலைப்பட்டியல் அனுப்பினார். 2024 ஜனவரி 1 முதல் பெரும்பாலான கட்டணங்கள் 25 சதவீதம் ஏறிவிட்டன என்று அதில் ஒரு வரி. அதே திருத்தத்தில், சலுகைக் கட்டணம் பெறும் சிறு நிறுவனத்துக்கான வரம்பு 50 பேர் என்பதிலிருந்து 100 பேருக்குக் கீழ் என்று விரிந்தது பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஏறியதைச் சொன்ன மனிதர் இறங்கியதைச் சொல்லவில்லை.

இதை நான் கண்டுபிடித்தது கனடா அரசிதழில். காசு கொடுக்கவில்லை, யாரையும் கேட்கவில்லை, வீட்டு மாடியில் உட்கார்ந்து போனில் படித்தேன். அன்றிலிருந்து மச்சான் என்னை, கனடாவின் தலைநகர் பெயரில், ஒட்டாவா நிபுணர் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார். நிபுணர் எல்லாம் இல்லை. எந்தத் தாள் எந்தத் தேதியில் வரும் என்று தெரிந்துகொண்டேன், அவ்வளவுதான்.

முதலில் ஒரு பழக்கத்தை விட வேண்டும். கேள்வி நேரத்தைப் பார்த்துக் கனடா நாடாளுமன்றத்தைப் புரிந்துகொள்ள முயற்சி செய்யாதீர்கள். திங்கள் முதல் வியாழன் வரை ஒட்டாவாவில் மதியம் 2.15க்குத் தொடங்கும், கோடைக்காலத்தில் நமக்கு இரவு 11.45. தூக்கம் கெடும், இரண்டு பக்கமும் கத்துவார்கள், காப்புரிமை பற்றி ஒரு வரியும் கிடைக்காது.

மசோதாவைத் தேடும் இடம்

லெஜிஸ்இன்ஃபோ என்று கனடா நாடாளுமன்றத்தின் தளம் ஒன்று இருக்கிறது. எந்த மசோதா, எந்த வாசிப்பில், எந்தக் குழுவிடம் இருக்கிறது என்று எல்லாம் அதில். சி என்ற எழுத்தில் தொடங்கினால் கீழவையில் பிறந்தது, எஸ் என்றால் மேலவையான செனட்டில். சி-201 முதல் மேலே உள்ள எண்கள் தனி உறுப்பினர்களுடையவை, கீழே உள்ளவை அரசாங்கத்துடையவை. ஒவ்வொரு கூட்டத்தொடரிலும் எண் மறுபடி முதலிலிருந்து வரும், அதனால் எண்ணோடு ஆண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். நான் ஒருமுறை தப்பான சி-47ஐ இரண்டு நாள் படித்தேன்.

இப்போது முக்கியமான விஷயம். தேடு பெட்டியில் காப்புரிமைச் சட்டம் என்று மட்டும் அடித்தால் பாதிதான் கிடைக்கும். 2001இல் வந்த எஸ்-17 மாதிரி நேரடியான காப்புரிமை மசோதாக்கள் உண்டு. உலக வர்த்தக அமைப்பில் கனடா தோற்ற வழக்குகளின் பின்னால் அது செனட்டில் தொடங்கியது. ஆனால் பிற்காலத்தில் திருத்தங்கள் பெரும்பாலும், பட்ஜெட்டில் சொன்னதைச் சட்டமாக்கும் பட்ஜெட் அமலாக்க மசோதாவின் வயிற்றுக்குள் உட்கார்ந்து வந்திருக்கின்றன. 2018இன் சி-86ஐ எடுங்கள். நூற்றுக்கணக்கான பக்கம். அதற்குள்தான் காப்புரிமையைக் காட்டி மிரட்டல் கடிதம் அனுப்புவோருக்கான விதிகளும், காப்புரிமை ஏஜென்ட்டுகளுக்கான தனிக் கல்லூரி என்ற ஒழுங்குமுறை அமைப்பும் நுழைந்தன. அலுவலகம் தாமதம் செய்தால் காப்புரிமைக் காலத்தை நீட்டித் தரும் ஏற்பாடு 2023இன் பட்ஜெட் மசோதா சி-47 வழியாக வந்தது, 2025 ஜனவரி 1இல் நடைமுறைக்கு வந்தது. அமெரிக்கா, மெக்சிகோவோடு செய்த வர்த்தக ஒப்பந்தத்தின் கடன் அது.

இதனால் என்ன ஆகும்? பட்ஜெட் மசோதா நிதிக் குழுவுக்குப் போகும். காப்புரிமையை வழக்கமாகப் பார்க்கும் தொழில்துறைக் குழு ஓரமாக நிற்கும், சில சமயம் அதன் பகுதியை மட்டும் படித்துக் கருத்துச் சொல்லச் சொல்வார்கள். வரி, ஓய்வூதியம், கடன் எல்லாம் கலந்த மூட்டையில் காப்புரிமைப் பக்கம் எத்தனை நிமிடம் பெறும் என்று நீங்களே கணக்குப் போடுங்கள். செலவையும் காப்புரிமையையும் ஒரே கட்டுரையில் நான் கட்டியதற்குக் காரணம் இதுதான். ஒன்றைப் பார்க்க மற்றொன்றின் கதவு வழியாகத்தான் போக வேண்டும். எனவே பட்ஜெட் அமலாக்க மசோதா வந்த அன்றே அதன் உள்ளடக்கத்தைத் திறந்து ‘காப்புரிமை’ என்று தேடிப் பாருங்கள். நாடாளுமன்ற நூலகம் எழுதும் சட்டச் சுருக்கம் வந்துவிட்டால் இன்னும் நல்லது, கட்சி வாடை இல்லாமல் எழுதியிருப்பார்கள்.

மருந்து விஷயமானால் கொஞ்சம் பழைய கதையும் தெரிந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் குழுவில் ஏன் இவ்வளவு சூடு என்று புரியாது. 1969இலிருந்து கனடாவில் காப்புரிமை உள்ள மருந்தை வேறு கம்பெனி கட்டாய உரிமம் (காப்புரிமைக்காரர் சம்மதம் இல்லாமலே கிடைப்பது) வாங்கி இறக்குமதி செய்யலாம், வழக்கமாக 4 சதவீத ராயல்டி. நம் 1970 சட்டம் மருந்துப் பொருளுக்கே காப்புரிமை இல்லை என்று வேறு வழியில் போனது, ஆனால் மருந்து விலை மேல் இரண்டு பேருக்கும் இருந்த எரிச்சல் ஒன்றுதான். 1987இன் சி-22 அந்த உரிமத்தைத் தள்ளிப்போட்டு, பதிலுக்கு மருந்து விலையைப் பார்க்க ஒரு மறுஆய்வு வாரியம் அமைத்தது. செனட் அந்த மசோதாவோடு மாதக்கணக்கில் மல்லுக்கட்டியது. 1993இன் சி-91 கட்டாய உரிமத்தையே எடுத்துவிட்டது. ஆனால் நாலு வருஷம் கழித்து நாடாளுமன்றம் மறுபடி பார்க்க வேண்டும் என்று அதிலேயே எழுதியிருந்தார்கள், 1997இல் தொழில்துறைக் குழு பார்த்தது. ஒரு சட்டத்தில் மறுஆய்வுப் பிரிவு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அந்த வருஷத்தைக் காலண்டரில் வட்டமிட்டு வையுங்கள், வாய் திறக்க வாய்ப்பு அப்போதுதான் வரும்.

ஏழை நாடுகளுக்கு மலிவு மருந்து அனுப்ப 2004இல் ஒரு சட்டம் போட்டார்கள். அதன் வழியாக இதுவரை ருவாண்டாவுக்கு ஒரே ஒரு எச்.ஐ.வி மருந்துதான் போயிருக்கிறது, 2008இலும் 2009இலும். நடைமுறையை எளிதாக்க வந்த சி-393 கீழவையில் 2011 மார்ச் 9இல் தேறியது, அந்த மாதம் 26இல் அவை கலைந்ததால் செனட்டிலேயே செத்துப்போனது. நல்ல மசோதாவா என்பது ஒருபுறம், தேர்தல் தேதிக்கு முன் செனட்டைத் தாண்டுமா என்பது இன்னொருபுறம். இரண்டாவதுதான் பல சமயம் முடிவு செய்கிறது.

பணம் எப்போது தாண்டும்

கனடாவின் நிதியாண்டும் நம்முடையதே, ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை. இந்த ஒரு விஷயம் நமக்கு ஏகப்பட்ட தலைவலியை மிச்சப்படுத்துகிறது. துறைகள் அந்த ஆண்டுச் செலவுக்குக் கேட்கும் பணத்தின் பட்டியலான பிரதான மதிப்பீடுகள் மார்ச் 1க்குள் அவையில் வரும். ஒவ்வொரு துறையின் பக்கமும் அந்தந்த நிலைக்குழுவுக்குப் போகும். குழு ஒரு தொகையை ஒப்புக்கொள்ளலாம், குறைக்கலாம், மறுக்கலாம், கூட்ட முடியாது. பணம் கேட்கும் உரிமை அரசுக்கு மட்டுமே என்று 1867 அரசியல் சட்டத்தின் 54ஆம் பிரிவு சொல்கிறது.

குழு மே 31க்குள் அறிக்கை தராவிட்டால்? தந்ததாகவே கருதப்படும். 1968இலிருந்து இப்படித்தான். கோடிக்கணக்கான டாலர் ஒரு கேள்வியும் இல்லாமல் மௌனத்தில் தாண்டிப் போகலாம். நம் மக்களவையில் கில்லட்டின் போட்டு, அதாவது விவாதத்தை வெட்டிவிட்டு, மிச்ச மானியக் கோரிக்கைகளை ஒரே மாலையில் முடிப்பதைப் பார்த்தவர்களுக்கு இது ஆச்சரியமாக இராது. அதனால் ஏப்ரலிலும் மே மாதத்திலும் குழுவின் கூட்டப் பட்டியலைப் பாருங்கள். அமைச்சர் மதிப்பீடு பற்றிப் பேச வருகிறாரா, எத்தனை மணி நேரம், அதில் எத்தனை பேர் உண்மையில் தொகையைப் பற்றிக் கேட்டார்கள். இந்த மூன்றே போதும், அந்த வருஷக் கண்காணிப்பின் தரம் கைக்கு வந்துவிடும்.

இன்னொன்று. அவையில் வாக்கெடுப்புக்கு வருவது மொத்தச் செலவில் பாதிக்கும் குறைவு. முதியோர் உதவித்தொகை, மாகாணங்களுக்குப் போகும் சுகாதாரப் பணம், வட்டி இவையெல்லாம் ஏற்கெனவே உள்ள சட்டங்களின்படி தானாகப் போகும், ‘சட்டப்படியான செலவு’ என்ற நிரலில் இருக்கும். காப்புரிமை அலுவலகம் இதிலும் தனிப்பிறவி. ஒட்டாவாவுக்கு ஆற்றின் எதிர்க்கரையில் கேட்டினோவில் இருக்கிறது, தொழில்துறை அமைச்சகத்தின் கீழ், ஆனால் வசூலிக்கும் கட்டணத்திலேயே பெரும்பாலும் வண்டி ஓட்டுகிறது. ஆகவே மச்சானின் 25 சதவீதத்தை மதிப்பீட்டுப் புத்தகத்தில் தேடினால் கிடைக்காது. அது விதிமுறை வழியாக வந்தது. விதிமுறை என்றால் அரசிதழ்: முதல் பகுதி சனிக்கிழமைதோறும் வரைவோடு, இரண்டாம் பகுதி ஒரு புதன் விட்டு ஒரு புதன் முடிவானதோடு. வரைவின் கூடவே ஒரு தாக்க ஆய்வு அறிக்கை வரும், யாருக்கு எவ்வளவு செலவு, யாருக்கு லாபம் என்று அதிகாரிகளே எழுதியிருப்பார்கள். முழுசாகப் படியுங்கள். அந்த 100 பேர் வரம்பு எனக்குக் கிடைத்தது இங்கேதான். முதல் பகுதியில் வரும்போது கருத்து அனுப்ப நாள் கொடுப்பார்கள், நீங்கள் கனடாக்காரராக இருக்க வேண்டிய அவசியமில்லை.

செலவான பின்

பணம் போன பின் பார்ப்பது பொதுக் கணக்குக் குழு. 1958இலிருந்து அங்கே எதிர்க்கட்சிக்காரர் தலைமை, நம் ஊரில் 1967இலிருந்து. தலைமைத் தணிக்கையாளரின் அறிக்கை அங்கே வரும், அதை வைத்து அதிகாரிகளைக் கூப்பிட்டுக் கேட்பார்கள். அரைவ்கேன் என்ற எல்லைச் செயலி பற்றி 2024 பிப்ரவரியில் வந்த அறிக்கையை மாதிரிக்குப் படியுங்கள். சுமார் 5.95 கோடி டாலர் ஆகியிருக்கலாம், பதிவேடு சரியில்லாததால் சரியான தொகையைச் சொல்ல முடியவில்லை என்று எழுதியிருந்தார்கள். செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருப்பவர் இப்படிக் கணக்கு எழுதினால் அவர் ஆடிட்டர் ஓடிவிடுவார். அந்த விவகாரத்தில் ஒப்பந்தக்காரர் ஒருவரை அவையின் வாசலருகே உள்ள தடுப்புக் கம்பியில் நிற்கவைத்துக் கேள்வி கேட்டார்கள். தனிநபரை அப்படி நிறுத்தியது 1913க்குப் பின் அதுவே முதல்முறை.

அதே 2024இல், தூய தொழில்நுட்பக் கம்பெனிகளுக்குப் பணம் கொடுத்த அரசு நிதியத்தின் ஆவணங்களைக் கொடு என்று கீழவை உத்தரவிட்டது, அரசு முழுசாகக் கொடுக்கவில்லை. அவை உரிமைப் பிரச்சினையாகி இலையுதிர்காலக் கூட்டம் கிட்டத்தட்ட அதிலேயே முடங்கியது. 2025 ஜனவரி 6இல் கூட்டத்தொடரே முடித்துவைக்கப்பட, நிலுவையில் இருந்த அரசு மசோதாக்கள் எல்லாம் காலி. எதிர்க்கட்சி செய்தது சரிதான் என்பது என் கருத்து. ஆனால் அதில் வேறு மசோதாக்களும் அடிபட்டன, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

நீங்கள் செய்யக்கூடியது, சொந்தக்காரர் செய்யக்கூடியது

குழுவுக்கு எழுத்துமூலக் கருத்து யாரும் அனுப்பலாம். இரண்டு மூன்று பக்கத்தில், எந்தப் பிரிவை எப்படி மாற்ற வேண்டும் என்று நேராக எழுதுங்கள். ‘மாண்புமிகு’ போட்டு ஒரு பக்கம் வீணாக்க வேண்டாம். தகவல் அறியும் மனு மட்டும் நம்மால் முடியாது. கனடாக் குடிமக்கள், நிரந்தர வசிப்புரிமை பெற்றவர்கள், அந்த நாட்டில் இருப்பவர்கள்தான் போடலாம், 5 டாலர். கனடாவில் பிராம்ப்டனில் இருக்கும் அக்கா மகளிடம் சொன்னேன், ‘மாமா, இதுக்கா போன் பண்ணீங்க’ என்று சிரித்துவிட்டுப் போட்டுக் கொடுத்தாள். அவளால் இன்னொன்றும் முடியும். தன் தொகுதி உறுப்பினரிடம் எழுத்துக் கேள்வி போடச் சொல்லலாம், அரசு 45 நாளில் பதில் தர வேண்டும். கேள்வி கூர்மையாக இருந்தால் துறைவாரியாகத் தொகை வரும், மழுப்பலாக இருந்தால் மழுப்பலே வரும். மின்மனுவும் உண்டு, 500 கையெழுத்து, அதற்கும் 45 நாள், கையெழுத்து கனடாக் குடிமக்களுடையதாகவோ அங்கே வசிப்பவர்களுடையதாகவோ இருக்க வேண்டும்.

நேரலை பார்க்க ஆசைப்பட்டால் நாடாளுமன்றத்தின் பார்ல்வியூ தளம். காலை 11 மணிக் குழுக் கூட்டம் நமக்குக் கோடையில் இரவு 8.30, குளிர்காலத்தில் 9.30, சாப்பிட்டுவிட்டுப் பார்க்கலாம். மதியம் 3.30 கூட்டம் இங்கே கோடையில் நள்ளிரவு ஒரு மணி. போன மாதம் ஏற்காட்டில் நண்பரின் காப்பித் தோட்டத்து வீட்டில் அப்படி ஒன்றைப் பார்க்க முயன்றேன், ஒண்டிக்கடைக்கு மேலே நெட் போய்விட்டது. எழுத்துப் பிரதி கொஞ்ச நாளில் வந்துவிடும், அதைப் படிப்பதே மேல்.

மச்சான் சிறு நிறுவன உறுதிமொழியோடு விண்ணப்பத்தை அனுப்பிவிட்டார். பெரிய கம்பெனி எதற்கும் அந்த மெஷினின் உரிமத்தைக் கொடுத்திருக்கக் கூடாது என்ற நிபந்தனையை மட்டும் இரண்டு முறை படிக்கச் சொன்னேன். கட்டணம் ஒவ்வொரு ஜனவரி 1க்கும் விலைவாசியோடு சேர்ந்து ஏறும். அதனால் கட்ட வேண்டியது ஏதாவது இருந்தால் டிசம்பர் கடைசி வாரத்துக்கு முன்பே கட்டிவிடுங்கள்.