'சிஓஓ வந்துடுச்சு சார்': வரிச்சலுகை இறக்குமதியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் எங்கள் கஸ்டம்ஸ் ஏஜென்ட் ஆபீஸில் புதிதாகச் சேர்ந்த பையன் ஒரு கொழும்பு சரக்குக்கான பேப்பர்களைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தான். "எல்லாம் ரெடி சார், சிஓஓ வந்துடுச்சு. ஃபைல் பண்ணிடலாமா?" சிஓஓ என்பது சரக்கு எந்த நாட்டில் உருவானது என்று அந்த நாட்டில் கொடுக்கும் சான்றிதழ், அதைக் காட்டித்தான் வரிச்சலுகை கேட்போம். சரக்கு எங்கே விளைந்தது என்று கேட்டேன். "சிஓஓ-லயே ஸ்ரீலங்கானு போட்டிருக்கே சார்" என்றான், நான் ஏதோ படிக்கத் தெரியாதவன் மாதிரி பார்த்துக்கொண்டு. 2016-ல் இதே பதிலை நானும் ஒருவரிடம் சொல்லியிருக்கிறேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

இன்வாய்ஸ் நம்பர் தப்பு, எடை ஒத்துவராதது, பெயரில் ஒரு எழுத்து விட்டுப்போனது இதையெல்லாம் சொல்லப்போவதில்லை. செக்லிஸ்ட்டை இரண்டு தடவை படித்தால் தெரிந்துவிடும்.

எல்லையே போய்விட்டது என்று நினைப்பது

கல்லூரியில் ஐரோப்பிய ஒன்றியத்தைப் படித்துவிட்டு வருகிறவர்களுக்கு இந்தக் குழப்பம் நிறைய. அங்கே இருப்பது சுங்க ஒன்றியம். 1968-லேயே உள் வரிகளை எடுத்துவிட்டு வெளியே எல்லாருக்கும் ஒரே வரி வைத்துவிட்டார்கள். ராட்டர்டாமில் ஒரு தடவை வரி கட்டி இறக்கினால் போலந்து வரை லாரியில் போகலாம், நடுவில் யாரும் கேட்கமாட்டார்கள்.

நம் பக்கம் அப்படி இல்லை. இந்தியா–இலங்கை ஒப்பந்தம் (1998-ல் கையெழுத்தாகி 2000 மார்ச்சில் அமலானது), சாஃப்டா (தெற்காசிய நாடுகளுக்குள்), ஆசியான் (தென்கிழக்காசிய நாடுகளோடு) எல்லாமே ஒருவருக்கொருவர் வரியைக் குறைத்துக்கொண்ட ஏற்பாடுகள்தான், வெளியாட்களுக்கு அவரவர் வரி அப்படியேதான் இருக்கிறது. ஒருவர் வீட்டுச் சுவர் தாழ்வாகவும் பக்கத்து வீட்டுச் சுவர் உயரமாகவும் இருந்தால் எந்தப் பக்கம் ஏறிக் குதிப்பார்கள் என்று சொல்லவேண்டியதில்லை.

வனஸ்பதி கதை தெரியுமா? ஒரு காலத்தில் பாமாயிலுக்கு இங்கே வரி அதிகம், இலங்கையில் குறைவு. நம் ஆட்களே அங்கே போய் ஆலை போட்டார்கள். மலேசியா, இந்தோனேசியாவிலிருந்து பாமாயில் இறக்கி, வனஸ்பதியாக்கி, வரியில்லாமல் இங்கே அனுப்பினார்கள். இங்குள்ள ஆலைக்காரர்கள் கத்தியபிறகு வருஷத்துக்கு 2.5 லட்சம் டன் என்று உச்சவரம்பு வந்தது. அப்புறம் இந்தியா பாமாயில் வரியைக் குறைத்ததும் கணக்கு உதைத்தது, அங்கே ஆலைகள் மூடின. வேலை செய்தவர்களுக்கு எந்த ஊர் வரி எப்போது மாறியது என்றே தெரிந்திருக்காது.

சான்றிதழைச் சரக்கு என்று நினைப்பது

இதுதான் எனக்கு இன்னும் ஆறாதது.

2016-ல் மிளகு நல்ல விலையில் இருந்தது, கிலோ 600-ஐத் தாண்டி. அன்று சாதாரண இறக்குமதி வரி 70 சதவீதம். வியட்நாமிலிருந்து ஆசியான் சலுகையில் கொண்டுவந்தாலும் 50-க்கு மேல். இலங்கை மிளகு என்றால் வருஷத்துக்கு 2,500 டன் வரை வரியே கிடையாது, அதற்கு மேல் சாஃப்டாவில் 8 சதவீதம். கிலோ 500 ரூபாய் மதிப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். 8 சதவீதத்தில் வரி 40 ரூபாய், 70 சதவீதத்தில் 350. ஒரு இருபதடி கண்டெய்னரில் 13 டன் என்றால் வித்தியாசம் 40 லட்சம் ரூபாய்.

இந்தக் கணக்கை நான் அன்று போட்டுப் பார்த்திருந்தால், ஒரே ஒரு கேள்வியாவது கேட்டிருப்பேன். கேட்கவில்லை. கட்சிக்காரர் புதியவர், தூத்துக்குடியில் சரக்கு இறங்கிவிட்டது, சிஓஓ கையில் இருக்கிறது, சீல் சரி, கையெழுத்து சரி. ஃபைல் பண்ணிவிட்டேன்.

சிஎஃப்எஸ்ஸில் (கண்டெய்னர்களை வைத்துச் சோதிக்கும் கிடங்கு) கண்டெய்னரைத் திறந்தபோது அதிகாரி மூட்டையைப் பார்க்கவில்லை, மூட்டைத் தையலைப் பார்த்தார். தையல் புது நூல். ஒன்றைப் பிரிக்கச் சொன்னார். உள்ளே இன்னொரு சாக்கு. அதன் ஓரத்தில் பாதி கிழிந்த ஸ்டிக்கர், ஆங்கில எழுத்துதான், ஆனால் எழுத்துக்கு எழுத்து தலையில் கொக்கியும் காலில் புள்ளியும். வியட்நாம் எழுத்து என்று அவர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. அப்புறம் ஒரு கைப்பிடி மிளகை எடுத்து மோந்து பார்த்துவிட்டு, "மாத்தளை மிளகு இப்படியா தம்பி இருக்கும்?" என்றார். மாத்தளை, இலங்கையில் மிளகு விளையும் மாவட்டம்.

47 நாள் நின்றது கண்டெய்னர். சான்றிதழைச் சரிபார்க்கக் கொழும்புக்கு எழுதினார்கள். இந்தப் பக்கம் லைன்காரர் டிடென்ஷன் (கண்டெய்னரைத் திருப்பித் தராத நாட்களுக்குக் கப்பல் கம்பெனி போடும் கட்டணம்) ஏறிக்கொண்டே போகிறது, சிஎஃப்எஸ் வாடகை தனி. கடைசியில் முழு வரியையும் கட்டித்தான் எடுத்தோம். கட்சிக்காரர் அதோடு போனவர்தான், என் பில்லுக்கும் பணம் வரவில்லை.

எரிச்சல் எங்கே என்றால், அந்தச் சான்றிதழ் போலி இல்லை. அரசுத் துறை கொடுத்த அசல் பேப்பர்தான். அங்கே ஏற்றுமதியாளர் எழுதிக் கொடுத்ததை நம்பிக் கொடுத்திருக்கிறார்கள், அதை நம்பி நான் ஃபைல் பண்ணியிருக்கிறேன். சரக்கைப் பார்த்தது அந்த அதிகாரி ஒருவர்தான்.

சுத்தம் செய்தது, தரம் பிரித்தது, சாக்கு மாற்றியது எதுவும் பிறந்த நாட்டை மாற்றாது. அரைத்தால்? இந்தியா–இலங்கை ஒப்பந்தத்தில் வேறு நாட்டுப் பொருளைச் சேர்த்துச் செய்ததற்கு 35 சதவீத மதிப்புக்கூட்டலும் வேண்டும், எச்.எஸ். கோடில் (சுங்கத்தில் ஒவ்வொரு பொருளுக்கும் உள்ள எண்) முதல் நாலு இலக்கமும் மாற வேண்டும். முழு மிளகும் 0904, மிளகுத்தூளும் 0904. ஆக, எவ்வளவு நைசாக அரைத்தாலும் பிரயோஜனம் இல்லை. ஆசியானில் ஆறு இலக்கம் மாறினால் போதும், 0904.11 என்பது 0904.12 ஆகிவிடும், ஆனால் 35 சதவீதம் அங்கேயும் உண்டு. வெறும் அரைவைக் கூலியில் அது வராது.

இப்போது நிலைமை இன்னும் கெடுபிடி. 2020-ல் சுங்கச் சட்டத்தில் 28டிஏ பிரிவு சேர்ந்தது, அந்த வருஷம் செப்டம்பர் 21 முதல் கரோட்டார் விதிகள் வந்தன. சரக்கு எப்படி உருவானது என்ற விவரம் இறக்குமதியாளர் கையில் இருக்க வேண்டும், ஐந்து வருஷம் வைத்திருக்க வேண்டும், அதிகாரி கேட்டால் பத்து வேலைநாளில் கொடுக்க வேண்டும். "சப்ளையர் சொல்லமாட்டேங்கிறார்" என்பது பதில் இல்லை. ஆர்டர் போடும் முன்பே கேளுங்கள்: எந்த மாவட்டத்துச் சரக்கு, யாரிடம் வாங்கினீர்கள், கொள்முதல் ரசீது எங்கே. மழுப்பினால் அந்தச் சலுகையே வேண்டாம் என்று கட்சிக்காரரிடம் சொல்லிவிடுங்கள். கோபப்படுவார், படட்டும்.

ஒப்பந்தத்தை மாற்றிப் போடுவது

சாஃப்டா சான்றிதழுக்கு சாஃப்டா நோட்டிஃபிகேஷன் (சலுகை தரும் அரசு அறிவிக்கை). அவ்வளவுதான்.

கொழும்பில் கப்பல் மாறுவதைக் கவனிக்காதது

ஆசியான் சரக்கு பல நேரம் கொழும்பில் கப்பல் மாறித்தான் தூத்துக்குடிக்கு வரும், இலங்கையோ ஆசியானில் இல்லை. த்ரூ பி.எல். (கிளம்பிய துறைமுகத்திலிருந்து இங்கே வரை ஒரே கப்பல் ரசீது) இல்லாமல் ஃபைல் பண்ணாதீர்கள்.

வரி குறைந்தால் எல்லாருக்கும் லாபம் என்று பேசுவது

இதை என் மாமனார் முன்னால் பேசி மாட்டிக்கொண்டேன். கொல்லிமலையில் அவருக்குக் கொஞ்சம் நிலம், சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி ஏற்றியிருக்கிறார். 2018-ல் விலை 400-க்குக் கீழே இறங்கிவிட்டது. கிலோ 500 ரூபாய்க்குக் குறைவான மதிப்பில் மிளகு இறக்குமதி கூடாது என்று அரசு சொல்லியும் உள்ளூர் விலை எழுந்திருக்கவில்லை. நான் பொறுமையாக விளக்கினேன்: மசாலா கம்பெனிக்கு மலிவு, நமக்கும் பொடி மலிவு, துறைமுகத்தில் நாலு பேருக்கு வேலை. முழுசாகக் கேட்டார். களத்தில் காய்ந்துகொண்டிருந்த மிளகைக் காலால் ஒருமுறை கிளறிவிட்டுவிட்டு, "அந்த நாலு பேர்ல நீங்களும் ஒருத்தர், இல்லையா மாப்ள?" என்றார்.

அந்த வருஷம் இரண்டு மூட்டையை விற்காமல் பரணில் போட்டுவிட்டார். போகும்போதெல்லாம் எனக்கு அதிலிருந்துதான் கட்டிக் கொடுக்கிறார்.